நாலு நாள் முகாமும் எட்டு வருஷச் சோற்றுப் பானையும்

மலேசியாவில் கோடை என்று தனியாக ஒரு காலம் கிடையாது. காலையில் மண்டையைப் பிளக்கும் வெயில், சாயங்காலம் இடியோடு மழை, வருஷம் முழுக்க இதே பாட்டுதான். இருந்தாலும் மே கடைசியில் இரண்டு வாரப் பள்ளி விடுமுறை தொடங்கினால் தோட்டப்புற ஊர்களிலும் ‘சம்மர் கேம்ப்’ என்று பதாகை ஏறிவிடுகிறது. இங்கே மதிப்பிடுவது அப்படி ஒரு முகாம்தான்: பேரா மாநிலத்தில், செம்பனைக்கும் மிச்சம் நிற்கும் பால்மரத்துக்கும் (ரப்பர்) நடுவே உள்ள ஒரு சிறு நகரம், தமிழ்ப்பள்ளி வளாகம், நாலு நாள், மூன்று இரவு. வயது 9 முதல் 16 வரை. 80 பிள்ளைகளோடு பதிவை மூடிவிடுகிறார்கள். கட்டணம் 160 வெள்ளி (ரிங்கிட்), ஒரே வீட்டிலிருந்து இரண்டாவது பிள்ளை வந்தால் அதற்கு 100. குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் ஊர்ப் பெயரையும் நடத்துகிறவர்கள் பெயரையும் விட்டிருக்கிறோம். இதே அமைப்பில் பல ஊர்களில் முகாம் நடப்பதால் படிக்கிறவர்களுக்கு அதனால் நஷ்டம் இல்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரே ஒரு தடவை அனுப்பிவிட்டு ‘பையன் திருந்திட்டானா?’ என்று பார்க்கிற பெற்றோருக்கு இந்த 160 வெள்ளி தண்டம். நாலு நாளில் எந்தப் பிள்ளையும் வளர்ந்துவிடாது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் தட்டு மறுபடி மேசையிலேயே கிடக்கும். ஆனால் அதே பிள்ளையைத் தொடர்ந்து அனுப்புகிறவர்களுக்கு, இந்த வட்டாரத்தில் இந்த விலையில் இதைவிட நல்லது கிடைப்பது கஷ்டம்.

கோடை முகாம் என்ற வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. கன் என்ற பள்ளிக்கூட ஆசிரியர் 1861இல் கனெக்டிகட்டில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தங்கியதை அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். அங்கே நீண்ட முகாம் என்றால் ஏழு, எட்டு வாரம். வந்து தங்கும் பிள்ளை சில வருஷத்தில் பயிற்சி உதவியாளராகி, பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக மாறுவதும் அங்கே பழகிய ஏணி. நம் கணக்கு வேறு. 9 வயதில் சேர்ந்து 16 வரை ஒரு வருஷம்கூட விடாமல் வந்தாலும் எட்டு முகாம், மொத்தம் 32 நாள். அவர்களுடைய ஒரே விடுமுறைக்கு ஈடாகாது. ஆகவே நம் ஊர் முகாமின் பலம் நாள் கணக்கில் இருக்க முடியாது. ஒவ்வொரு வருஷமும் அதே இடத்துக்குத் திரும்பி வரும் பிள்ளைக்குப் போன வருஷத்தைவிட ஒரு படி மேலான வேலை காத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. இந்த முகாமை அந்தக் கேள்வியை வைத்தே பார்த்தோம்.

குசினியிலிருந்து தொடங்குவோம். இவர்கள் செய்வதில் மிகச் சிறந்தது அங்கேதான் இருக்கிறது.

கேட்டரிங் கிடையாது. பள்ளிச் சிற்றுண்டிச் சாலையின் பின்கட்டில் மூன்று பெரிய அடுப்பு, 14 கிலோ எரிவாயுத் தோம்பு இரண்டு, சமையலுக்கு நாலு அம்மாமார். 80 பிள்ளைகள், பெரியவர்கள், உதவிக்கு வருபவர்கள் எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட 100 வாய். ஆளுக்கு 100 கிராம் அரிசி என்றால் ஒரு வேளைக்குச் சரியாக ஒரு 10 கிலோ மூட்டை. பெரிய பையன்கள் அதிகம் இருந்தால் இன்னும் ஒரு கிலோ கூடப் போடுகிறார்கள். பசியாறலுக்கு நாசி லெமாக் அல்லது வறுத்த மீஹூன், மதியம் சோறு, நாலு மணிக்கு மைலோவும் பிஸ்கட்டும், இரவு மறுபடி சோறு. மாட்டிறைச்சி இல்லை, சைவப் பிள்ளைகளுக்குத் தனிப் பாத்திரமும் தனிக் கரண்டியும் உண்டு. சுவை சுமார்தான். சம்பலில் சர்க்கரை தூக்கல்.

சுவையை விடுங்கள். யார் கையில் எந்த வேலை இருக்கிறது என்று பாருங்கள். 9 வயதுப் பிள்ளைக்குத் தட்டு கழுவும் வேலை: மூன்று வாளி வரிசையாக இருக்கும், முதலில் எச்சில் அலசல், இரண்டாவதில் சோப்பு, மூன்றாவதில் நல்ல தண்ணீர். தன் தட்டை மட்டும் கழுவினால் போதாது, தன் குழுவில் இன்னொருவர் தட்டையும் சேர்த்துக் கழுவ வேண்டும். வீட்டில் ஒரு கோப்பையைக்கூட நகர்த்தாத பிள்ளைக்கு இதுவே பெரிய விஷயம். அடுத்த வருஷம் கையில் கத்தி வருகிறது. வெங்காயமும் முட்டைக்கோசும்தான், மீனும் கோழியும் கிடையாது. பலகைக்கு அடியில் ஈரத்துணி விரிக்கச் சொல்கிறார்கள், பலகை வழுக்கினால்தான் விரல் போகும் என்பதால். இடது கை விரல் நுனிகளை உள்ளே மடக்கிப் பிடிக்க வேண்டும். வெங்காயத்தை முதலில் பாதியாக வெட்டித் தட்டைப் பக்கத்தைக் கீழே வைத்துவிட்டால் உருளாது. சொல்லிக் கொடுக்கும் முறை அருமை: கூர் மழுங்கிய கத்தி தருவதில்லை. மொண்ணைக் கத்தியை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும், அப்போதுதான் சறுக்கி விரலில் இறங்கும்.

11, 12 வயதில் சோற்றுப் பானை. முகாமின் உயிர்நாடி என்று இதைச் சொன்னால் மிகையில்லை. ஆறு பேர் குழு, 600 கிராம் அரிசி, ஒரு மூடி போட்ட அலுமினியப் பானை, பால்மரக் கட்டை. திடலின் ஓரத்தில் மூன்று செங்கல் வைத்து அடுப்புக் கூட்ட வேண்டும். ஆற்றுக் கல்லை எடுக்க விடமாட்டார்கள். நீர் ஊறிய கல் சூட்டில் வெடித்துத் தெறிக்கும், இது தெரியாமல் ‘இயற்கையாக இருக்கட்டும்’ என்று ஆற்றங்கரைக் கல்லை அடுக்குகிற முகாம்கள் உண்டு. பானையின் வெளிப்புறம் முழுக்கப் பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவிவிட்டு ஏற்றினால் கரி பிறகு ஒரே அலசலில் போய்விடும். அரிசிக்கு மேல் ஆட்காட்டி விரலின் முதல் கட்டை அளவு தண்ணீர். கொதி வந்ததும் பத்து நிமிடம், தண்ணீர் வற்றிக் குழிகுழியாகத் தெரிந்ததும் விறகை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் பதினைந்து நிமிடம், மூடியைத் திறக்காமல்.

கேட்கும்போது எளிது. நடக்கிற கூத்தே வேறு. நாலு குழுவில் மூன்று குழுவுக்காவது அடிப்பிடிக்கும். காரணமும் எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான்: நெருப்பு நன்றாகப் பிடித்த சந்தோஷத்தில் யாரும் விறகை இழுப்பதில்லை. அடியில் கரி, நடுவில் அரைவேக்காடு, மேலே கஞ்சி. இன்னொரு குழு இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை மூடியைத் தூக்கிப் பார்த்து ஆவி முழுவதையும் விட்டுவிடும். மூன்றாவது குழு செங்கல்லை நெருக்கி வைத்துக் காற்று போக வழி இல்லாமல் புகையில் கண் எரிந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கும். முந்தின நாள் மழை பெய்திருந்தால் கட்டை பற்றவே பற்றாது. அதற்குப் பட்டையை உரித்து, விரல் தடிமனுக்குப் பிளந்து, உள்ளே இருக்கும் காய்ந்த பகுதியை எடுக்க வேண்டும். கூடக் கொஞ்சம் காய்ந்த தேங்காய் மட்டை. மண்ணெண்ணெய் தருவதில்லை, நல்லது.

கவனிக்க வேண்டியது இதற்குப் பிறகு. கருகின சோற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு அம்மாமார் சமைத்ததைப் போட்டுக் கொடுத்தால் கதை முடிந்தது. இங்கே அப்படிச் செய்வதில்லை. கருகாத பகுதியை வழித்து எடுத்து அந்தக் குழு அதையே சாப்பிடுகிறது. குழம்பும் முட்டையும் மட்டும் குசினியிலிருந்து வரும். யாரும் திட்டுவதில்லை, சிரிப்பதும் இல்லை. மறுநாள் அதே குழுவுக்கு அதே பானை. இரண்டாம் நாள் சோறு பெரும்பாலும் சோறாகவே வந்துவிடுகிறது. சில முகாம்களில் ஒரே ஒரு தடவை சமைக்கவிட்டுப் படம் பிடித்துப் போட்டுவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்கு ஓடிவிடுவார்கள். அங்கே பிள்ளைக்கு மிஞ்சுவது ‘நமக்கு வராது’ என்ற எண்ணம் மட்டும்தான். பணம் கட்டுவதற்கு முன்னால் ‘சமையல் ஒரு வேளையா, இரண்டு வேளையா?’ என்று கேட்டுவிடுங்கள்.

இந்த ஏணியின் மேல் பகுதி 15 வயதில் மறுபடி தொடங்குகிறது. படிவம் மூன்றில் (இடைநிலைப்பள்ளி மூன்றாம் ஆண்டு) இருக்கும் பிள்ளை குசினியின் நேரக் கணக்கைப் பார்க்கிறது. இரவுச் சாப்பாடு 7.30க்கு என்றால் பின்னோக்கி எண்ண வேண்டும்: 7.15க்குச் சோறு இறங்க வேண்டும், பெரிய பானை கொதித்து வேக ஒரு மணி நேரத்துக்கு மேல், அப்படியானால் ஆறு மணிக்கு அடுப்பு, ஐந்தே காலுக்குக் காய்கறிக் குழு வந்து உட்கார வேண்டும், அவர்களை நாலேமுக்காலுக்கே விளையாட்டிலிருந்து இழுத்து வர வேண்டும். முதல் நாள் எல்லோருக்கும் இந்தக் கணக்கு தப்புகிறது, சாப்பாடு எட்டேகாலுக்குத்தான் வரும். 80 பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் மறுநாள் யாரும் சொல்லாமலே கணக்குச் சரியாகிவிடும்.

16 வயதுக்காரர்களுக்கு வந்த வேலை ஒன்றே ஒன்று. பானைக் குழுவின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஆபத்து என்றால் மட்டும் குறுக்கிடலாம். சோறு கருகுவது ஆபத்தில் சேராது. தானே விறகை இழுத்துவிடத் துடிக்கும் கையை அடக்கிக்கொண்டு ‘இப்ப என்ன வாசம் வருது, கவனிச்சியா?’ என்று மட்டும் கேட்க வேண்டும். பெரியவர்கள் பலருக்கே வராத வித்தை. நேற்று வரைக்கும் எல்லோருக்கும் ‘தம்பி’யாக இருந்தவனை ஒன்பது வயதுப் பொடிசுகள் ‘அண்ணா’ என்று கூப்பிடுவதும் அந்த வருஷம்தான். உடம்பு நிமிர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

நடுவில்தான் ஓட்டை. 13, 14 வயதுக்கு இந்த முகாமில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. படிவம் ஒன்றில் இருக்கும் பையனை மறுபடியும் பானைக் குழுவில் போடுகிறார்கள். அதே விளையாட்டு, அதே டீ-சட்டை, போன வருஷம் கேட்ட அதே ஜோக். அவன் பின்வரிசையில் உட்கார்ந்து மற்றவர்களைக் கெடுக்க ஆரம்பிக்கிறான், அடுத்த வருஷம் வருவதில்லை. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகள்தான் இந்த இடத்தில் அதிகம் நின்றுவிடுகிறார்கள். பையன்கள் கெட்டுப்போய்விட்டார்கள் என்று நடத்துகிறவர்கள் சலித்துக்கொள்வதில் நியாயம் இல்லை, ஏணியில் இரண்டு படியை இவர்களே கட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

அந்த வயதில்தான் முகாம் அதிகம் தேவைப்படுகிறது என்பதுதான் வருத்தம். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் தெரிந்த முகங்களோடு இருந்த பிள்ளை, படிவம் ஒன்றில் பெரிய இடைநிலைப்பள்ளிக்குப் போகிறது. பாடமெல்லாம் மலாயில். சிலர் நேராகப் படிவம் ஒன்றுக்குப் போகாமல் ஒரு வருஷம் புகுமுக வகுப்பில் உட்கார வேண்டியிருக்கும். தோட்டத் தமிழ்ப்பள்ளி சின்னது, ஓர் ஆண்டில் பத்துப் பேர்கூட இல்லாத பள்ளிகளும் உண்டு. அங்கே முதல் மாணவனாக இருந்தவனை இங்கே யாருக்கும் தெரியாது. இந்தச் சமயத்தில் வருஷத்தில் நாலு நாளாவது தன்னை ஒன்பது வயதிலிருந்து தெரிந்தவர்கள் நடுவில் இருப்பது சின்ன விஷயமில்லை.

படியைக் கட்டுவது ஒன்றும் பெரிய செலவு இல்லை. 13, 14 வயதுக்காரர்களுக்குப் பாசார் (சந்தை) வேலை கொடுக்கலாம். நாலு பேர் குழு, கூட ஒரு பெரியவர், கையில் 50 வெள்ளி, பத்துப் பேருக்கு ஒரு இரவுச் சாப்பாடு. பட்டியலை அவர்களே எழுதட்டும். கோழியை வாங்கிவிட்டு எண்ணெயையும் இஞ்சியையும் மறப்பார்கள். கீரை எத்தனை கட்டு என்று தெரியாமல் இரண்டு கட்டு வாங்கி வந்து, வதங்கினதும் ஒரு கிண்ணம் ஆனதைப் பார்த்துத் திகைப்பார்கள். சீனக் கடைக்காரரிடம் மலாயில் பேரம் பேசியாக வேண்டும், இடைநிலைப்பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு அதைவிட நல்ல மொழிப்பயிற்சி எது? மிச்சச் சில்லறையும் ரசீதும் சேர்த்துக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி, டார்ச் லைட், பந்து, கயிறு இவற்றின் பொறுப்பையும் இந்த வயதிடமே விடலாம். சாவி கையில் இருந்தால் பின்வரிசைக்குப் போகமாட்டார்கள்.

ஒரு அட்டை

இவர்களிடம் பாராட்ட வேண்டிய இன்னொன்று, வெளியே தெரியாதது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தடித்த அட்டை வைத்திருக்கிறார்கள், பள்ளி நூலக அட்டை அளவுக்கு. வருஷத்துக்கு மூன்று, நாலு வரி. ‘வெங்காயம் நறுக்கினான், விரல் மடக்க மறக்கிறான். இருட்டுக்குப் பயம், டார்ச் கையில் கொடுத்தால் தூங்கிவிடுகிறான்.’ அதற்குக் கீழே அடுத்த வருஷத்து வரி: ‘டார்ச் கேட்கவில்லை. பக்கத்துப் படுக்கைப் பையனுக்குக் கொடுத்தான்.’ மதிப்பெண் இல்லை, நட்சத்திரம் இல்லை. புதிதாக வரும் உதவியாளர் முதல் நாளுக்கு முன்பே தன் குழுவின் எட்டு அட்டைகளையும் படித்துவிட வேண்டும். பெற்றோர் கேட்டால் காட்டுகிறார்கள், கேளுங்கள். பிள்ளை வளர்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அந்த நாலு வரி, கடைசி நாள் மேடையில் கொடுக்கிற சான்றிதழைவிடப் பிரயோஜனமானது. அட்டைகள் பூட்டில்லாத ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கிடப்பது மட்டும் சரியில்லை. படுக்கையில் ஒண்ணுக்குப் போகிற விவரம்கூட அதில் இருக்கிறது.

அந்த விவரத்தை நீங்களும் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். ஒன்பது, பத்து வயதில் இது சாதாரணம். சொல்லியிருந்தால் இரவு 11 மணிக்கு ஒரு அண்ணன் சத்தமில்லாமல் எழுப்பிக் கழிவறைக்குக் கூட்டிப் போவார். ரப்பர் விரிப்பும் மாற்றுக் கைலியும் தயாராக இருக்கும். சொல்லாவிட்டால் காலையில் வகுப்பறையே பார்க்கும், பிறகு அந்தப் பிள்ளை எந்த முகாமுக்கும் போகாது.

முதல் இரவு அழுகை எல்லா முகாமிலும் உண்டு. விளையாடும்போது வராது, மதியம் சும்மா படுத்திருக்கும் நேரத்திலும் இரவு விளக்கை அணைத்த பிறகும்தான் வரும். இதைக் கெடுப்பது பெரும்பாலும் பெற்றோர்தான். ‘பிடிக்கலேன்னா போன் பண்ணு, அப்பா ஒடனே காடியில வந்து தூக்கிக்கிறேன்’ என்று சொல்லி அனுப்புவது மிக மோசமான யோசனை. பிள்ளை அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டே மூன்று நாளையும் கழிக்கும். அதற்குப் பதில் முகாமுக்கு ஒரு மாதம் முன்பே பாட்டி வீட்டிலோ சித்தி வீட்டிலோ நீங்கள் இல்லாமல் இரண்டு இரவு தங்கவிடுங்கள். கைப்பேசியை முதல் நாளே வாங்கி வைத்துவிடுகிறார்கள், அதில் மாற்றம் வேண்டாம். பையை அம்மா அடுக்குவது அடுத்த தப்பு. பல் துலக்கி எங்கே, உள்ளாடை எங்கே என்று தெரியாமல் இருட்டில் பையைக் கவிழ்த்துக்கொண்டு அழுகிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் அம்மா அடுக்கின பைக்காரர்கள். பட்டியலைப் பிள்ளையிடம் கொடுங்கள், அது அடுக்கட்டும், நீங்கள் மேற்பார்வை பாருங்கள்.

பெண் பிள்ளைகள் பகுதியை நன்றாகவே நடத்துகிறார்கள். தனிக் கட்டடம், இரவில் இரண்டு அக்காமாரும் ஒரு டீச்சரும், தாழ்வாரத்தில் விளக்கு எரிந்தபடியே இருக்கும். 10, 11 வயதில் முதல் மாதவிலக்கு முகாமிலேயே வந்துவிடலாம் என்பதால் கழிவறைக்குள் மூடி போட்ட வாளியில் பஞ்சு வைத்திருக்கிறார்கள். யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. முதல் நாளே பெண்களுக்கு மட்டும் பத்து நிமிடம் ஒதுக்கி இதைச் சொல்லிவிடுகிறார்கள். ஆண்கள் பக்கத்துக் குளியலறை படுமோசம். 40 பையன்களுக்கு ஐந்து குழாய், எல்லோரும் காலை ஆறேகாலுக்கு. பாதிப் பேரைச் சாயங்காலமே குளிக்க வைத்தால் தீர்ந்துபோகிற பிரச்சினை, வருஷா வருஷம் அப்படியே இருக்கிறது. அதனால் ஆறேமுக்கால் வரிசைக்கு யாரும் நேரத்துக்கு வருவதில்லை. அந்த வரிசையைப் ‘பெரட்டு’ என்றே கூப்பிடுகிறார்கள். தாத்தா பாட்டி தோட்ட வேலைக்கு விடியற்காலையில் வரிசையில் நின்று பெயர் கொடுத்த அந்தப் பெரட்டுதான். பேரப்பிள்ளைகளுக்கு அது விளையாட்டுச் சொல்லாகிவிட்டது.

மூன்றாம் இரவு

இதைப் பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்றாம் இரவு தன்முனைப்பு (ஊக்கப் பேச்சு) அங்கம். வெளியிலிருந்து ஒரு பேச்சாளர் வருகிறார். விளக்கை அணைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, சோக இசை போட்டு, அம்மா அப்பா பட்ட பாட்டைச் சொல்லிச் சொல்லி 80 பிள்ளைகளையும் தேம்பி அழ வைக்கிறார். அழுகிறதைப் படம் எடுக்கிறார்கள். நம் முகாம்களில் இது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அம்மா இல்லாத பிள்ளையும், அப்பா குடித்துவிட்டு அடிக்கிற வீட்டுப் பிள்ளையும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு நாளாக மெதுவாகத் தைரியம் பிடித்துவந்த ஒன்பது வயதுக்காரர்கள் அன்று இரவு மறுபடி முதல் இரவுக்கே திரும்பிவிடுகிறார்கள். சோற்றுப் பானையில் பிடித்த பொறுமையை மெழுகுவர்த்தியில் கொட்டுகிறார்கள். 15 வயதுக்கு மேல் விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும், விளக்கு எரியும் அறையில், படம் எடுக்காமல் நடக்கட்டும். சின்னவர்களை அந்த நேரத்தில் தூங்கவிடலாம். இந்த ஓர் அங்கத்துக்காகவே அரைப் புள்ளி குறைக்கிறோம்.

பாதுகாப்பில் பெரும்பாலும் தேறுகிறார்கள். இடம் பள்ளித் திடல் என்பதால் மண்சரிவுப் பயம் இல்லை. பத்தாங்காலி அருகே 2022 டிசம்பர் 16 அதிகாலை முகாம் திடல் மேல் மலை சரிந்து 31 பேர் இறந்ததையும், அந்தத் திடலுக்கு முகாம் நடத்தும் உரிமமே இல்லை என்பதையும் மறக்க முடியாது. மலையடிவார முகாம் எதற்கு அனுப்பினாலும் ஊராட்சி மன்ற உரிமத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு அனுப்புங்கள். கூடாரத்தைப் பால்மரத்தடியில் போடுவதில்லை, காற்றுக்குக் கிளை சட்டென்று முறியும். செம்பனைக்கு அடியிலும் இல்லை, காய்ந்த மட்டை விழும், எலியைத் தேடிப் பாம்பு வரும். இடி கேட்டால் திடல் காலி. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி இறங்க விடுகிறார்கள்.

ஆள் கணக்கில் ஒரு பூசி மெழுகல் இருக்கிறது. தங்கும் முகாமில் 9 முதல் 14 வயது வரை எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பது அமெரிக்க முகாம் சங்கத்தின் அளவுகோல். இங்கே 80 பேருக்குப் பத்துப் பெரியவர், காகிதத்தில் கச்சிதம். ஆனால் ஒருவர் காய்ச்சல்காரப் பிள்ளையைக் கிளினிக்குக் கூட்டிப் போனால், இன்னொருவர் பட்டணத்துக்குச் சாமான் வாங்கப் போனால், எட்டுப் பேர்தான் மிச்சம். அந்த இடத்தில் 16 வயது உதவியாளர்களைப் பெரியவர்களாக எண்ணிக்கொள்கிறார்கள். அது தப்பு. அவர்களும் சட்டப்படி பிள்ளைகள்தான். இன்னும் இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்ற விதி இருக்கிறது, கடைப்பிடிக்கவும் செய்கிறார்கள்.

மூன்றாம் நாள் காலையில் ஆற்றுக்குக் கூட்டிப் போகிறார்கள். முழங்கால் முதல் இடுப்பளவு ஆழம் உள்ள இடம், ஜோடி ஜோடியாக இறக்கி, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஊதல் ஊதி ஜோடிக் கையைத் தூக்க வைத்து எண்ணுகிறார்கள். கெப்பாலா ஆயேரைப் பற்றி (மலையிலிருந்து திடீரெனப் பாய்ந்து வரும் ஆற்று வெள்ளம்) சொல்லித் தருவது நன்றாக இருக்கிறது: இங்கே வெயில் அடித்தாலும் மலையில் மழை பெய்திருக்கலாம், தண்ணீர் திடீரெனக் கலங்கினால், இலையும் சுள்ளியும் அடித்துக்கொண்டு வந்தால், இரைச்சல் கூடினால், செருப்பைத் தேடாமல் மேட்டுக்கு ஏற வேண்டும். 12 வயதுக்காரர்களை ஒருவர் மாற்றி ஒருவராக மேல்பக்கம் காவலுக்கு நிறுத்துகிறார்கள், பெரியவர் ஒருவர் கூடவே. உயிர்காப்பு ஜாக்கெட்டுகள் மட்டும் எல்லாம் ஒரே அளவு. சின்னப் பிள்ளைக்குத் தோளைப் பிடித்துத் தூக்கினால் காது வரை ஏறிவிடுகிறது, அது போட்டும் போடாத கணக்குதான்.

இதே பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டால் கோப்பெங் பக்கம் கம்பார் ஆற்றில் ரப்பர்ப் படகு விடும் முகாம்களுக்கு அனுப்பலாம். சாதனங்கள் அங்கே மேல், அளவான ஜாக்கெட் இருக்கும், பிள்ளை வந்து ஒரு வாரம் அதையே பேசும். ஆனால் அடுத்த வருஷம் போனால் வேறு பயிற்றுநர், வேறு கூட்டம், பிள்ளையின் பெயர்கூட யாருக்கும் தெரியாது. ஒரு தடவைக்கு நல்லது. பதின்ம வயதின் பின்பாதியில் உடம்பும் மனசும் தாங்கும் பிள்ளையாக இருந்தால், 1950களிலிருந்து லுமுட்டில் நடந்துவரும் அவுட்வர்ட் பவுண்ட் போன்ற கடினப் பயிற்சியை யோசிக்கலாம். சோற்றுப் பானைப் படிகளை ஏறி முடித்த பிள்ளை அங்கே திணறாது.

மொத்தத்தில் 9 முதல் 12 வயது வரை ஐந்துக்கு நாலரை. 13, 14க்கு இரண்டு. 15, 16க்கு நாலு. வீட்டில் 13 வயதுப் பையன் இருந்தால் பணம் கட்டும் முன் நேரில் போய் ‘இந்த வருஷம் இவனுக்கு என்ன பொறுப்பு தருவீங்க?’ என்று கேளுங்கள். ‘வரட்டும், பாத்துக்கலாம்’ என்றால் கொஞ்சம் அழுத்திப் பேசுங்கள். கேட்கிற பெற்றோர் நாலு பேர் சேர்ந்தால் பாசார் வேலை அடுத்த வருஷமே வந்துவிடும்.

பதிவு ஏப்ரலில், இரண்டு வாரத்தில் நிறைந்துவிடும். மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமா, ஒவ்வாமை, வலிப்பு, ஜி6பிடி குறைபாடு (சில மருந்துகள் ஒத்துக்கொள்ளாத பிறவி இரத்தக் குறைபாடு) எதுவும் விடாமல் எழுதுங்கள். இன்ஹேலர் பிள்ளையின் இடுப்புப் பையிலேயே இருக்கட்டும், அலுவலக அலமாரியில் பூட்டி வைக்கச் சம்மதிக்க வேண்டாம். இரண்டு ஜோடி காலணி, ஈரத்துணிக்குப் பெரிய பிளாஸ்டிக் பை, காலை மாலை ஏடிஸ் கொசுவுக்கு நீளக்கை சட்டை இரண்டு. காலில் வெட்டுக்காயம் இருந்தால் ஆற்றில் இறக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், எலிச் சிறுநீர்க் காய்ச்சல் அந்த வழியாக ஏறலாம். முகாம் முடிந்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ வந்தால் பனடோல் கொடுத்துக் காத்திருக்காமல் கிளினிக்குப் போய், ஆற்றில் இறங்கினதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஆற்றில் இறங்கின தேதி போட்ட சீட்டைக் கடைசி நாள் கையில் கொடுப்பார்கள். ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள்.